பெரிய கிராணியின் நோட்டு

பெரிய கிராணியை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருடம் கழித்தும் பிடிக்கவில்லை. அவர் யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. ஆபீஸ் குண்டூசி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அப்படிப்பட்ட மனிதரைப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்காதவனிடம்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். இருக்கிறது. அவருடைய ஒழுங்கினால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போர்ட் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குச் சுங்கப் பாரம், அதாவது சுங்கத்துறைக்கான படிவம், தயார் செய்து கொடுப்பது தொழில். கீழே லோரிகள் வரிசையாக நிற்கும். மேலே நாங்கள் பாரம் அடிப்போம். பாரம் கைக்கு வந்தால்தான் லோரி துறைமுக வாசலைத் தாண்டும். ஆபீஸ் குமாஸ்தாவை எங்கள் பக்கம் கிராணி என்பார்கள். அவர் எங்கள் எல்லோருக்கும் தலைவர் என்பதால் பெரிய கிராணி. நேரில் சார்.

எங்களிடம் வருவதற்கு முன்பு செந்தூல் ரயில் பட்டறையில் இருபது வருடம் பதிவேடு எழுதியவர். எந்த என்ஜின் எங்கே நின்றது, எதை மாற்றினார்கள், மாற்றியபின் ஓடியதா என்று ஃபிட்டர்மார் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதுதான் அங்கே அவருக்கு வேலை. கையில் ஒரு நாளும் ஸ்பானர் பிடித்ததில்லை. ஆனால் கோளாறு என்பது எப்படி ஒளிந்துகொள்ளும், எப்படிப் பிடிபடும் என்பது எழுதி எழுதியே அவருக்குப் படிந்துவிட்டது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. தினமும் அங்கிருந்து வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எட்டு மணி ஆபீஸுக்கு ஏழே முக்காலுக்கு வந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய வேதம் இரண்டே வரி. முதல் வரி, "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும் தம்பி. ரெண்டை மாத்திட்டு சரியாச்சுன்னா, எதனால சரியாச்சுன்னு யாரைப் போய்க் கேப்ப?" இரண்டாவது வரி, "எழுதாதது நடக்காதது."

இதை அவர் மெஷினுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. ஒரு சமயம் அவருக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர் ஒரு நோட்டுப் போட்டார். முதல் வாரம் மிளகாய்ச் சம்பலை நிறுத்தினார். மற்றதெல்லாம் வழக்கம்போல. இரண்டாம் வாரம் சம்பலைத் தொடங்கிக் காப்பியை நிறுத்தினார். மூன்றாம் வாரம் காப்பியைத் தொடங்கிக் கருவாட்டை நிறுத்தினார். சாப்பாட்டுக் கடை அக்கா ஒவ்வொரு திங்களும் "இந்த வாரம் எதுக்கு சார் லீவு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் தயிர்தான் என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அந்த நோட்டு என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னும் மோசமானவன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போய், சரக்கு மூன்று நாள் துறைமுகத்திலேயே கிடந்தது. முதலாளி என் மேசைக்கு முன்னால் நின்று, "நாளையிலேருந்து வராதே" என்றார். பெரிய கிராணி எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். சரக்கு அனுப்பியவர் போனில் சொன்ன எண்ணை, சொன்ன மணியோடு, அவர் குறித்துவைத்திருந்தார். அதிலேயே அந்த இலக்கம் தப்பாக இருந்தது.

"தம்பி மேல தப்பு இல்ல முதலாளி. வந்ததே அப்படி," என்றார். அவ்வளவுதான். எனக்கு வேலை தங்கியது. நன்றி சொல்லப் போனபோது, "எனக்கு எதுக்கு? நோட்டுல இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் வாங்கி, மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் காரில் கொண்டுவந்தார். பெட்டிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அதன் பிறகுதான் பிளக்கை மாட்ட விட்டார். அந்த ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். காலை எட்டிலிருந்து இரண்டு வரை நான். இரண்டிலிருந்து இரவு எட்டு வரை கோமளா.

கோமளாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும். கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து வருவாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் வேலைக்கு வந்தவள் அவள்தான். எனக்குக் கோலாலம்பூரில் படித்த டிப்ளோமா இருந்தது. அவளுக்குக் கிள்ளானில் ஆறு மாதம் டைப்பிங் படித்த சான்றிதழ் மட்டும். ஆனால் வேகத்தில் நான் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. இதுவும் எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

ஏழெட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் மாலை கோமளா பாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டால் திரும்ப வந்தது. அடித்த பாரம் போயிற்று. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் இரண்டு தடவை. சில சமயம் நிற்கும், சில சமயம் தானாக அணைந்து தானாகவே எழுந்து முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கீழே லோரிக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். ஒரு கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது.

"மெஷின் ரோசாக் ஆயிருச்சுலா, கெட்டுப்போச்சு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்," என்றார் முதலாளி.

கடைக்காரனுக்குப் போன் போட்டோம். ஆள் வந்தான். அவன் பார்த்த ஒரு மணி நேரமும் மெஷின் நல்லபிள்ளையாக ஓடியது. "நல்லாத்தானே இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெரிய கிராணி நோட்டுப் போட்டார்.

தேதி, மணி, உட்கார்ந்திருந்தது யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள், எப்படி நின்றது. ஐந்து கட்டம். பேனாவை நூலில் கட்டி நோட்டோடு கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். நின்றால் உடனே எழுத வேண்டும். அவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் வயது. கம்ப்யூட்டர் கூடவே வந்த தடித்த புத்தகத்தைப் பேருந்தில் படித்துப் படித்தே பாதி முடித்திருந்தார். டிப்ளோமாக்காரன் நான் இருக்க, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

முதல் வாரம் பிளக்கை மாற்றினார். தண்ணீர்க் கேத்தலுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே இணைப்பு இருந்தது, அதைப் பிரித்தார். அப்போதும் மெஷின் நின்றது. அடுத்த வாரம் பிரிண்டர் வயரை மாற்றினார். நின்றது. அடுத்து பெட்டியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, அவற்றின் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துச் செருகினார். புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். நின்றது. நினைவகச் சில்லு நான்கில் இரண்டைக் கழற்றிவிட்டு ஒரு வாரம், அந்த இரண்டைப் போட்டு மற்ற இரண்டைக் கழற்றி ஒரு வாரம். நின்றது. மெஷின் எழும்போது தானாக ஏறிக்கொள்ளும் சின்னச் சின்னப் புரோகிராம்களை வாரத்துக்கு ஒன்றாக நிறுத்தினார். அதற்கும் கோளாறு அசையவில்லை.

பெட்டிக்குள் ஒரு மூலையில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. மின்சாரம் வரும் வெள்ளிநிறப் பெட்டி. அதன்மேல் கடைக்காரன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். கிழித்தால் ஒரு வருட கேரண்டி செல்லாது என்று அதில் எழுதியிருந்தது.

"அதையும் பாத்துரலாமே சார்," என்றேன் ஒரு நாள்.

"எழுதியிருக்கே தம்பி," என்றார்.

முதலாளி தன் வழியில் வைத்தியம் பார்த்தார். கம்ப்யூட்டர் மேசைக்கு நேர் மேலே சாமி படம். வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அவரே தூபக்காலில் சாம்பிராணி போட்டு டைப்ரைட்டர், பேக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் காட்டுவது வழக்கம். இப்போது அதைத் தினமும் ஆக்கினார். கம்ப்யூட்டர் முகத்துக்கு நேராகத் தூபக்காலைப் பிடித்தால், புகை சுற்றிப் போகாமல் முன்பக்க இடுக்கு வழியாக உள்ளே போகும். பெட்டிக்குள் ஓடும் விசிறி இழுக்கிறது. முதலாளிக்கு அது புரியவில்லை.

"பாருங்க, உள்ள வாங்கிக்குது. இனிமே சரியாயிரும்," என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு சிட்டிகை போட்டார். இடுக்கின் மேலேயே திருநீறும் பூசினார்.

பெரிய கிராணி கைகூப்பி நின்றுகொண்டிருப்பார். கேத்தல் பிளக்கை மாற்றியதைக்கூடத் தேதி போட்டு எழுதியவர், வாரத்துக்கு ஒரு நாள் இருந்த சாம்பிராணி தினமும் ஆனதை எழுதவில்லை. அது சாமி காரியம். அதை ஒரு மாற்றம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. எல்லாம் மாலை நாலிலிருந்து ஏழுக்குள். எல்லாவற்றிலும் மூன்றாம் கட்டத்தில் கோமளா என்ற பெயர். முதலாளி அந்த இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ராசி இல்லலா," என்றார். லோரி ஓட்டுகிற ஆள்களில் ஒருவன் கேரி தீவுக்காரன். முதலாளி வாயிலிருந்து விழுந்தது அன்று இரவே தீவுக்குப் போய்விட்டது.

பெரிய கிராணி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ராசியெல்லாம் இல்ல முதலாளி. அவ உக்கார்ற நேரமும் நிக்கிற நேரமும் ஒண்ணா இருக்கு. நேரமா, ஆளான்னு பிரிச்சுப் பாக்கணும். ஒரு வாரம் கொடுங்க."

கோமளாவைக் கூப்பிட்டு அவரே சொன்னார். "ஒரு வாரம் நீ ஃபைல் வேலை பாரும்மா. காலையும் சாயங்காலமும் தம்பியே உக்காரட்டும். அவனுக்கும் நின்னுச்சுன்னா உன் மேல ஒண்ணும் இல்லன்னு நோட்டே சொல்லிரும்." அவள் தலையாட்டினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரம் அவளுக்காகத்தான். அவளுடைய வேலை நிலைக்குமா போகுமா என்பது அந்த ஒரு வாரத்தில் இருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். திங்கட்கிழமை காலை முதலாளி என் மேசைப் பக்கம் வந்து, "ரெண்டு பேருக்கும் நின்னுச்சுன்னா ரெண்டு பேரையும் மாத்திட வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவிக்கு மசக்கை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் திரை நின்றது.

ஆபீஸில் யாரும் இல்லை. கோமளா ஃபைல் வேலை முடித்து ஐந்து மணிக்கே போய்விட்டாள். பெரிய கிராணி ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தார். முதலாளி ஐந்து மணிக்கே, வழக்கம்போல ஏர்கோனையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அந்த நின்றுபோன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நோட்டு பக்கத்திலேயே இருந்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ஆறுதல். பிறகு பேனாவை வைத்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டு, போன பாரத்தைத் திரும்ப அடித்தேன்.

வியாழக்கிழமை மறுபடி நின்றது. அன்றைக்குப் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

சனிக்கிழமை பெரிய கிராணி நோட்டைப் பார்த்தார். அந்த வாரத்துக்கு ஒரு வரியும் இல்லை. பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையா தம்பி?"

"இல்ல சார்."

அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவர் எதிர்பார்த்தது வேறு. அடுத்த திங்கள் கோமளா திரும்ப உட்கார்ந்தாள். அன்றே நின்றது. செவ்வாயும் நின்றது. இரண்டையும் அவளே தன் கையால் எழுதினாள்.

அப்போதும் அவர் விடவில்லை. ஏதோ தப்பான பட்டனைத் தட்டுகிறாள், அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் போதும் என்று நினைத்தார். நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது அப்படி ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் தப்பாகப் பேசியிருப்பார்கள். இவரை யாரும் பேசவில்லை. ஆனால் அவர் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தப்பு வந்தது. தப்பை அவர் குறித்துக்கொண்டார். இரண்டாம் நாள் அவர் கண் முன்னாலேயே திரை நின்றது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல சார்," என்றாள். "தெரியும்மா, பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றார் அவர். அதையும் எழுதினார்.

அந்தச் சனிக்கிழமை முதலாளி அவளைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். பெரிய கிராணியைக் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அவ தப்பு என்னன்னு எனக்குத் தெரியல முதலாளி. ஆனா அவ உக்காந்தாத்தான் நிக்குது. நோட்டு அப்படித்தான் சொல்லுது." நோட்டு சொல்லாத ஒன்றைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வார்த்தை, "இருக்கட்டும் முதலாளி, நல்ல பொண்ணு," என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் வாயைத் திறக்காமல் நின்ற நான் அவரைக் கோபிக்கிறேன்.

கோமளா பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் மேசைப் பக்கம் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு தடவகூடவா நிக்கல?"

"இல்லம்மா."

"சரிண்ணே. வரேன்."

அதன் பிறகு பத்து மணியிலிருந்து எட்டு வரை நான் ஒருவனே உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மெஷினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கீழே தேநீர்க் கடைக்குத் தே குடிக்கப் போனால் அது அநேகமாக நிற்பதில்லை என்று கண்டுபிடித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. மூன்று வாரம் இப்படி ஓட்டினேன். ஒரு நாள் அவசரக் கப்பல், அதனால் பெரிய கிராணி ஆறரை வரை இருந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று பாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தே குடிக்கப் போக முடியவில்லை. திரை நின்றது.

அவர் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டை இழுத்து, தேதியும் மணியும் போட்டு, மூன்றாம் கட்டத்தில் முதன்முதலாக என் பெயரை எழுதினார்.

மறுநாள் கேரண்டி அட்டையை எடுத்துப் படித்தார். முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாள் காத்திருந்தார். வேறு ஒருவராக இருந்தால் அன்றே அந்த ஸ்டிக்கரைக் கிழித்திருப்பார்கள். பதின்மூன்றாம் நாள் காலை ஸ்டிக்கரைக் கத்தியால் அறுத்து, நாலு திருகாணியைக் கழற்றி, அந்த வெள்ளிப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே விசிறி இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கட்டி. சாம்பிராணிப் பிசின், அதில் ஒட்டிய திருநீறு, தூசி எல்லாம் சேர்ந்து இறகுகளை அச்சோடு இறுக்கிப் பிடித்திருந்தன. விரலால் தள்ளினால் கால் சுற்றுச் சுற்றி நின்றது. முகர்ந்து பார்த்தார். ஆபீஸ் முழுக்கக் கோயில் வாசனை அடித்தது. காலையில் எட்டு மணிக்குப் போட்ட மெஷின், உள்ளே காற்று ஓடாமல் சூடாகி, மாலை நாலு மணிக்குத் தாங்காமல் நின்றிருக்கிறது. ஏர்கோனை அணைத்தபின் இன்னும் மோசம். ஆளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் நின்றிருக்கும்.

அவர் ஸ்பிரிட்டில் பழைய டூத்பிரஷைத் தோய்த்து ஒவ்வோர் இறகாகத் துடைத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாட்டிவிட்டு, கையைக் கழுவி வந்து, என் எதிரில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அந்த வெறும் வாரத்தின் பக்கம்.

"தம்பி, இந்த ஒரு வாரம் நீ சாயங்காலம் உக்காந்த. ஒரு தடவகூட நிக்கலையா?"

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. கேட்டால் பதில் வரும் என்று நம்புகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலாளியிடம் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும் எனக்கு வேலை போயிருக்காது. இதெல்லாம் பிற்பாடு போட்ட கணக்கு.

"இல்ல சார்," என்றேன்.

அவர் "சரி தம்பி," என்று நோட்டை மூடினார்.

முதலாளியிடம் போய்ச் சாம்பிராணிதான் காரணம் என்றார். "சாமி புகையா கெடுக்கும்? என்ன பேச்சு பேசுறீங்க," என்று முதலாளி ஒரே பிடியாகப் பிடித்தார். பெரிய கிராணி வாதாடவில்லை. மேசையைச் சாமி படத்துக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டார். அதற்குப் பிறகு அந்த மெஷின் நிற்கவே இல்லை. நோட்டும் அலமாரிக்குள் போயிற்று. கோமளாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அவர் முதலாளியிடம் பேசியது எனக்குத் தெரியும். முதலாளி முதலில் முடியாது என்றார், பிறகு அவள் வந்தால் பார்க்கலாம் என்றார். அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவில்லை. வராமல் இருந்ததே நல்லது என்றுதான் இருந்தது.

அவர் ஓய்வு பெறும்வரை இன்னும் ஐந்து வருடம் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. என் மகன் பிறந்தபோது தங்கத்தில் சின்ன மோதிரம் கொண்டுவந்து போட்டார். ஆனால் பாரத்தில் நான் அடித்த எண் ஒவ்வொன்றையும் மூலத்தோடு வைத்துத் தானே ஒருமுறை பார்த்தார். அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை. "பேக்ஸ் போயிருச்சா தம்பி?" என்று கேட்பார். "போயிருச்சு சார்," என்பேன். "நல்லது," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் பேக்ஸ் மெஷினில் தாளைப் பார்த்துவிட்டு வருவார். ஐந்து வருடமும் இப்படித்தான். கோபித்துக் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட எனக்கு அவரைப் பிடித்திருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற மறுவருடம் கிள்ளான் ரயில் நிலையத்தில் கோமளாவைப் பார்த்தேன். நான் பார்க்காததுபோல் போய்விடத்தான் இருந்தேன். அவளே, "அண்ணே," என்று கூப்பிட்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பெண் குழந்தை. ஷா ஆலத்தில் ஒரு பேக்டரியில் இருக்கிறாளாம், அவளுக்குக் கீழே இருபது பேராம்.

"சார் எப்படிண்ணே இருக்காரு?"

"ரிட்டையர் ஆயிட்டாரும்மா. பிரிக்ஃபீல்ட்ஸ்லதான் இருக்காரு."

"நல்ல மனுசருண்ணே. வீடு தேடி வந்தாரு தெரியுமா? நான் வேலைய விட்டு நின்ன ரெண்டாவது மாசம். ஞாயித்துக்கெழம, அந்த வெயில்ல பஸ் எறங்கி எஸ்டேட் வரைக்கும் நடந்தே வந்துருக்காரு. ஒரு வாய் தண்ணி குடிக்கல. எங்க அப்பா கிட்ட நின்னுகிட்டே சொன்னாரு, மெஷின்லதான் கோளாறு, உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல, திரும்ப வரச் சொல்லுங்கன்னு."

"ஏம்மா வரல?"

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சேண்ணே. எஸ்டேட் பூரா ராசி இல்லாத பொண்ணுன்னு பேசி, பாத்து வச்சிருந்த எடமும் வேணாம்னுட்டாங்க. அப்பாவுக்கு அந்தப் பக்கம் அனுப்பவே மனசு இல்ல." குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இதை அவள் யாரையும் நோகாமல்தான் சொன்னாள்.

"நான் சார்கிட்ட ஒண்ணு கேட்டேண்ணே. அந்த ஒரு வாரம் அண்ணன் உக்காந்தப்ப நிக்கலையே சார், மெஷின்ல கோளாறுன்னா அப்ப ஏன் நிக்கலன்னு."

"என்ன சொன்னாரு?"

"நின்னுச்சும்மா, நாந்தான் எழுத மறந்துட்டேன்னாரு."

ரயில் வருவதற்கு மணி அடித்தது. அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் எழுத மறக்குற ஆளாண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. வேண்டிய அளவு நேரம் கொடுத்துத்தான் கேட்டாள். ரயில் இன்னும் தூரத்தில் இருந்தது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை எனக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைத் திருத்த ஒரு வாக்கியம் போதும்.

"வயசாயிருச்சுலம்மா," என்றேன். "மறந்திருப்பாரு."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "இருக்கும்ணே," என்றாள். பிறகு குழந்தையிடம், "மாமாவுக்கு டாட்டா சொல்லு," என்றாள்.

குழந்தை கையாட்டியது. நானும் ஆட்டினேன்.